வரமும் நிபந்தனையும்

சூப்பர் ஹீரோ தொடர்களையும் அறிவியல் புனைகதைத் தொடர்களையும் விரும்பிப் பார்ப்பவர்களிடம் மற்றவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நடக்கவே முடியாததை எப்படி இத்தனை ஆர்வமாகப் பார்க்கிறீர்கள்? பறப்பவனையும் சுவரைத் துளைத்து வருபவனையும் கண்டு நாங்கள் வாய்பிளந்து உட்கார்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சிறு வயதில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆண்டுக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண், ஆற்றலைக் கண்டு அதிக நேரம் வியப்பதில்லை. பறப்பது இரண்டாம் வாரமே பழகிவிடும். மூன்றாம் வாரமும் அதே நேரத்துக்கு வந்து உட்கார வைப்பது அந்த ஆற்றலோடு கட்டப்பட்டிருக்கும் நிபந்தனை. இந்த ஒரு கருத்தைத்தான் படிப்படியாக விரித்துச் சொல்ல விரும்புகிறேன். வாசகர் சற்று நிதானமாக உடன் வரவேண்டும்.

நிபந்தனை என்று எதைக் குறிக்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பலவீனம் வேறு, நிபந்தனை வேறு. சூப்பர்மேனை வாடச் செய்யும் கிரிப்டோனைட் என்னும் கல் 1943-இல் வானொலித் தொடரில்தான் முதலில் வந்தது. நாயகன் தோன்றிச் சில ஆண்டுகள் கழித்து, வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்பட்ட பொருள் அது. வில்லனின் சட்டைப்பையில் அது இருக்கும் நாளில் கதை உண்டு; இல்லாத நாளில் சூப்பர்மேனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. இது பலவீனம். நிபந்தனையோ ஆற்றலோடு ஒட்டிப் பிறப்பது. எந்த வாயில் வழியாக ஆற்றல் உள்ளே வந்ததோ அதே வாயில் வழியாக அதுவும் வந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு மற்றொன்றை மறுக்க முடியாது.

நிபந்தனைக்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் இருப்பவர்களுக்குச் சின்னக் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயில் தொலைவில்லை. அங்கே அத்திகிரியின் மேலே பெருமாள் நிற்கிறார். கீழே, அந்தக் குன்றைக் குடைந்தது போன்ற சந்நிதியில் நரசிம்மராகிய அழகிய சிங்கர் இருக்கிறார். வரம் தருபவர் என்றே பெயர் கொண்டவர் மேலே, ஒரு வரத்தின் நிபந்தனைகள் அத்தனையையும் மதித்து அதை முடித்துவைத்தவர் கீழே. கீழே சேவித்துவிட்டுப் படியேறும்போதெல்லாம், நான் பார்க்கும் தொடர்களின் இலக்கணம் முழுவதும் இந்த இரண்டு சந்நிதிகளுக்கு இடையே அடங்கியிருப்பதாகத் தோன்றும்.

அந்த வரத்தை வாங்கிய அசுரன் இரணியன் கேட்டது என்னவென்று நினைத்துப் பாருங்கள். மனிதனாலும் விலங்காலும் சாவு கூடாது. பகலிலும் கூடாது, இரவிலும் கூடாது. வீட்டின் உள்ளேயும் வெளியேயும், மண்ணிலும் விண்ணிலும், எந்த ஆயுதத்தாலும் கூடாது. ஒரு தேர்ந்த வழக்கறிஞரின் கவனத்தோடு எழுதப்பட்ட ஒப்பந்தம் போல இருக்கிறது. வரம் என்ற சொல்லுக்கு வடமொழி வேர் தேர்ந்துகொள்ளுதல் என்ற பொருளுடையது. தருபவன் விதித்த எல்லைகள் அல்ல இவை. கேட்டவனே தேர்ந்து, தன்னைச் சுற்றித் தானே எழுப்பிக்கொண்டவை. முடிவில் நரசிம்மம் இந்த நிபந்தனைகளில் ஒன்றையும் மீறவில்லை. அந்திப்பொழுது, வாசற்படி, மடி, நகம். எல்லாம் சொல் பிசகாமல் நிறைவேறுகின்றன. இறைவன் சர்வ வல்லமை உடையவன். ஒரு சொல்லால் வரத்தையே இல்லாமல் செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இரணியன் இறந்திருப்பான், கதையும் அவனோடு இறந்திருக்கும். வான்மீகத்தில் இல்லாத இந்தக் கதைக்குக் கம்பர் தம் இராமாயணத்தில் ஒரு தனிப் படலமே ஒதுக்கினார் என்பது சாதாரணச் செய்தி அன்று. விதியை மீறாமல் விதியின் இடுக்கில் வழி காண்பதைப் பார்ப்பதில் உள்ள மகிழ்ச்சி அவ்வளவு பழையது.

இனி அடுத்த படி. இரணியனுக்கு நிபந்தனை ஒரே ஒப்பந்தமாக வந்தது. சிலருக்கு அது வாழ்நாள் முழுவதும் தவணை தவணையாக வந்து சேர்கிறது. காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆடப்படும் கட்டைக்கூத்தில் 'கர்ண மோட்சம்' மிகவும் விரும்பப்படும் நாடகம். காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் உள்ள கட்டைக்கூத்துச் சங்கம் 1990 முதல் இந்தக் கலைக்காக இயங்கிவருகிறது. கர்ணன் வரும் விதத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல் மட்டும் கேட்கும். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், திரை அசையும், சலங்கை அதிரும். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசி, கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் மார்புப் பதக்கமுமாக அவன் வெளிப்படும்போது, சற்று முன்பு பின்னால் உட்கார்ந்து முகத்துக்கு அரிதாரம் இட்டுக்கொண்டிருந்த மனிதரை யாரும் நினைப்பதில்லை. மேலைநாட்டுத் தொடர்களில் நாயகன் முதன்முதலாக உடையணியும் பகுதிக்கு ரசிகர்கள் காத்திருப்பது எதற்காகவோ, அதற்காகத்தான் இங்கே நள்ளிரவிலும் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அன்று இரவு ஆடப்படப்போவது அவனுடைய வலிமை அன்று. உடலோடு பிறந்த கவசத்தை இந்திரனுக்கு அறுத்துக் கொடுத்தாயிற்று. தேவையான நேரத்தில் மந்திரம் மறந்துபோகும் என்று பரசுராமர் சொல்லிவிட்டார். தேர்ச்சக்கரம் மண்ணில் புதையும் என்பது மற்றொருவர் சாபம். நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் தொடுப்பதில்லை என்று குந்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். பார்க்கும் அனைவருக்கும் இவை அத்தனையும் தெரியும். பொன்னுருவியிடம் விடைபெறும் காட்சியில் இவை ஒவ்வொன்றும் அவன் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் இல்லை. நிபந்தனைகள் ஒவ்வொன்றாக எப்படி வந்து தம் பங்கைக் கேட்கும் என்பதற்காகவே விழித்திருக்கிறார்கள். முடிவைச் சொல்லிவிட்டால் தொடரைப் பார்க்கும் சுவை போய்விடும் என்று சண்டையிடும் இளைய ரசிகர்களுக்கு இதைப் பணிவோடு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

கர்ணனுக்கு நிபந்தனைகளை விதித்தவர்கள் இருந்தார்கள்: தேவர், முனிவர், தாய். அறிவியல் புனைகதை அந்த இடத்தில் இயற்கையை வைக்கிறது. கெஞ்சவோ முறையிடவோ இயலாத நிபந்தனை அது. தமிழ்ச் சிறுவர்கள் இதை முதலில் அறிந்துகொண்டது தொலைக்காட்சியில் அன்று, சிவகாசியில் அச்சான படக்கதையில். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்டது 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனிலிருந்து வந்த கதை. உயர் அழுத்த மின்சாரம் உடலில் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவான். இரும்புக் கை மட்டும் மறையாது. மறைவும் சிறிது நேரத்துக்கே. முழுவதும் மறைபவனாக எழுதியிருந்தால் நான்கு பக்கத்தில் எதிரிகளை முடித்துவிட்டுப் போயிருப்பான். காற்றில் மிதக்கும் அந்த ஒற்றைக் கைதான் கதை. எதிரி அதைப் பார்த்துவிடுவானோ, அருகில் மின்கம்பி கிடைக்காமல் போய்விடுமோ என்ற இரண்டு அச்சங்களைக் கொண்டு எத்தனையோ இதழ்களை நடத்தியிருக்கிறார்கள். ஆற்றலைப் பெரிதாக்காமல் நிபந்தனையைக் கூர்மையாக்கியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மனிதனிடமிருந்து இயந்திரத்துக்குப் போனால் நிபந்தனை இன்னும் கறாராகிறது. 1942-இல் வெளியான ஐசக் அசிமோவின் ஒரு சிறுகதையில் ரோபோக்களுக்கான மூன்று விதிகள் முதன்முதலாக முழுமையாகச் சொல்லப்படுகின்றன: மனிதனுக்குத் தீங்கு கூடாது, கட்டளைக்குப் பணிய வேண்டும், தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதையில் புதன் கோளில் செலினியம் எடுத்துவர அனுப்பப்பட்ட ரோபோ திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் செலினியக் குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டளை சற்று மெத்தனமாகச் சொல்லப்பட்டது. அருகே போனால் தனக்கு அழிவு என்ற எச்சரிக்கையோ அதற்குள் வலுவாகப் பதிந்திருக்கிறது. இரண்டு விதிகளும் சமமாக இழுக்கும் தூரத்தில் அது சிக்கிக்கொண்டது. மீட்க ஒரு மனிதன் தன் உயிரையே ஆபத்தில் வைக்கிறான். முதல் விதி மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு ரோபோவை அவனிடம் ஓடிவரச் செய்கிறது. விதி மீறப்படவில்லை, இடுக்கு கண்டுபிடிக்கப்பட்டது. அழகிய சிங்கர் சந்நிதியில் பார்த்த அதே நியாயம்தான் இது.

தமிழில் இந்த நியாயத்தை ஆழமாக உணர்ந்தவர் சுஜாதா. ஆனந்த விகடனில் வந்து, பின்னர் தூர்தர்ஷன் தொடராகவும் ஆன 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்னும் இயந்திர நாய், தனக்கு வகுத்த எல்லையைப் புத்தகம் படித்துப் படித்தே விரித்துக்கொள்கிறது. மனிதர்களோ பெயர் வைப்பது முதல் பிள்ளை பெறுவது வரை அரசின் கட்டுக்குள் இருக்கிறார்கள். நிபந்தனையோடு செய்யப்பட்ட இயந்திரம் விரிந்துகொண்டே போக, நிபந்தனையின்றிப் பிறந்த மனிதர் சுருங்கிக்கொண்டே வருவது அந்தக் கதையின் மிக நுட்பமான ஏற்பாடு. அவர் பங்களித்த 'எந்திரன்' படம் 2010-இல் வந்தது. அதில் சிட்டி என்னும் ரோபோ தீப்பிடித்த கட்டடத்திலிருந்து மனிதர்களை ஒருவர் பின் ஒருவராகக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே இறக்குகிறான். அவள் கூசி ஓடிச் சாலையில் அடிபட்டு இறக்கிறாள். 'காப்பாற்று' என்ற கட்டளை சொல்லுக்குச் சொல் நிறைவேறியது. அதில் அவமானம் என்ற ஒன்று எழுதப்பட்டிருக்கவில்லை. பல கோடி செலவில் எடுத்த உச்சக்கட்டச் சண்டையைக் காட்டிலும் இந்தச் சில நிமிடங்களே அறிவியல் புனைகதை என்ற பெயருக்கு உரியவை என்பது என் துணிபு.

இப்போது தொலைக்காட்சிக்கு வருகிறேன், ஏனெனில் இங்கேதான் சோதனை கடுமையாகிறது. திரைப்படத்தில் நிபந்தனையை ஒருமுறை காப்பாற்றினால் போதும். தொடரிலோ வாரந்தோறும், சில வேளை தலைமுறை கடந்தும் காப்பாற்ற வேண்டும். 1963-இல் பிபிசி தொடங்கிய 'டாக்டர் ஹூ' இதற்குப் பெரிய சான்று. மூன்று ஆண்டுகளில் நாயகனாக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றினார். நாயகன் இறக்கும் தறுவாயில் வேறொரு உடலெடுப்பான் என்று 1966-இல் ஏற்பாடு செய்து நடிகரை மாற்றினார்கள். நடிகரின் நோயிலிருந்து பிறந்த ஆற்றல் அது. 1976-இல் ஒரு கதையில், இப்படிப் பன்னிரண்டு முறைதான் உடல் மாற முடியும் என்று போகிற போக்கில் எழுதிவைத்தார்கள். எழுதியவர்களுக்கு அது வெகு தொலைவில் இருந்த எண். ரசிகர்கள் மறக்கவில்லை, விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள். 2013-இல் எண்ணிக்கை தீர்ந்தது.

அந்த விதியைச் சத்தமில்லாமல் கைவிட்டிருக்கலாம். முப்பத்தேழு ஆண்டு பழைய ஒரு வரியை எத்தனை பேர் கேட்கப்போகிறார்கள்? அப்படிச் செய்யவில்லை. நாயகன் முதுமையடைந்து, இனி உடல் மாற வழியில்லை என்று ஒப்புக்கொண்டு, கடைசிப் போருக்குக் கிளம்புகிறான். அவனுடைய தோழி சுவரில் இருந்த ஒரு பிளவின் முன் மண்டியிட்டு, அதற்கு அப்பால் இருக்கும் அவன் இனத்தாரிடம் அவனுக்காக மன்றாடுகிறாள். பிளவின் வழியே புதிய சுற்று ஒன்று அருளப்படுகிறது. அறிவியல் என்று தொடங்கிய தொடர், நெருக்கடியில் வரம் கேட்டுப் பெறும் பழைய முறைக்கே வந்து சேர்ந்தது. சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. விதி இருந்தது என்று ஒப்புக்கொண்ட பிறகே விலக்குக் கேட்டார்கள் அல்லவா?

ஒப்புக்கொள்ளாத தொடர்களும் உண்டு. 'தி ஃப்ளாஷ்' 2014 முதல் 2023 வரை ஒன்பது சீசன் ஓடியது. முதல் சீசனைப் பெரும் அன்போடு பார்த்தேன், இன்றும் அந்த அன்பு குறையவில்லை. ஆனால் ஒலியை முந்தி ஓடுபவன், கையில் துப்பாக்கி வைத்திருக்கும் சாதாரணத் திருடனிடம் அடுத்த வாரம் அடி வாங்குகிறான். காலத்தில் பின்னோக்கி ஓடி நடந்ததை மாற்றலாம் என்று ஆன பிறகு எந்த இழப்பும் இழப்பாக நிற்பதில்லை. கதைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அவன் வேகம் என்று ஆகிவிட்டது. இதற்கு நேர் எதிராக 2015-இல் வந்த 'டேர்டெவில்' தொடரின் இரண்டாம் பகுதியில் ஒரு தாழ்வாரச் சண்டை வருகிறது. கடத்தப்பட்ட சிறுவனை மீட்கப் பார்வையற்ற வழக்கறிஞரான நாயகன் உள்ளே போகிறான். ஒரே காட்சியாக ஓடும் அந்தச் சில நிமிடங்களில் அவன் களைக்கிறான். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். விழுந்தவர்கள் மறுபடி எழுகிறார்கள். இவனும் தள்ளாடியபடி மறுபடி கை ஓங்குகிறான். செவிப்புலன் எவ்வளவு கூர்மையானாலும் உடல் ஒரு வழக்கறிஞரின் உடல்தான். அந்த நிபந்தனையை ஒளிப்பதிவே தாங்கி நிற்கிறது. ஜெர்மானியத் தொடரான 'டார்க்' மூன்று சீசன்களிலும் முப்பத்துமூன்று ஆண்டுச் சுழற்சியைப் பிடிவாதமாகக் காத்ததையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனாத்தூர்க் கல்லூரி மாணவர்கள் தேநீர்க்கடையில் தாளில் வம்சக் கோடு போட்டு அதை விவாதிக்கும்போது, அவர்கள் ஆராய்வது யாருக்கு எவ்வளவு ஆற்றல் என்பதை அன்று; விதி எங்கேனும் வழுவியதா என்பதையே.

நிபந்தனை மறைக்கப்பட்டால் சுவை மட்டும் கெடுவதில்லை. 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் 'சக்திமான்' தொடங்கியது, 2005 வரை நீடித்தது. இந்தி தெரியாத காஞ்சிபுரத்துத் தெருக்களிலும் ஞாயிறு நண்பகலில் பிள்ளைகள் அதன் முன் இருந்தார்கள். கையை உயர்த்திச் சுழன்று சுழன்று விழுந்தார்கள். பஞ்ச பூதங்களிலிருந்தும் யோகத்திலிருந்தும் ஆற்றல் பெற்றவன் என்று தொடர் அழகாகச் சொன்னது. அவனால் வர முடியாத இடம் எது என்பதைக் குழந்தைக்குப் புரியும்படி சொல்லவில்லை. ஆபத்தில் சிக்கினால் அவன் வருவான் என்று நம்பிச் சில பிள்ளைகள் தம்மைத் தாமே ஆபத்துக்குள்ளாக்கிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. நாயகனாக நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இவற்றைச் செய்து பார்க்காதீர்கள் என்று அறிவுறுத்த வேண்டியதாயிற்று. நிகழ்ச்சியின் முடிவில் வரும் அறிவுரைப் பகுதியில் தவறு செய்த பிள்ளைகள் 'சாரி சக்திமான்' என்பார்கள். அந்தப் பகுதியை நான் மதிக்கிறேன். ஆயினும் எல்லை கதைக்கு வெளியே, அறிவுரையாகச் சொல்லப்பட்டது. பறந்து வந்து நிற்கும் நாயகனை நம்பும் குழந்தை, கதை முடிந்த பின் பேசுபவரை அதே அளவு நம்புவதில்லை. கதைக்குள்ளேயே ஒருமுறை அவன் வர முடியாமல் போய், அதற்காகக் கலங்கியிருந்தால் பிள்ளைகள் புரிந்துகொண்டிருப்பார்கள்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. அது எனக்கு மிகவும் நெருக்கமானது. கொடுத்தவர் விதித்த நிபந்தனையையும், கேட்டவன் தேர்ந்ததையும், இயற்கை விதித்ததையும் பார்த்தோம். எவரும் விதிக்காமல் தானே ஏற்றுக்கொண்டு, கைவிட்டால் கேட்பார் இல்லாதபோதும் கைவிடாத நிபந்தனை ஒன்று உண்டு. கொல்வதில்லை என்ற பேட்மேனின் உறுதி இவ்வகை. நம் மரபில் இதற்குப் பீஷ்மரே சிகரம். விரும்பும்போது மட்டுமே சாவு என்பது தந்தை தந்த வரம். ஒரு சூப்பர் ஹீரோவுக்கு இதைவிடப் பெரிய ஆற்றல் இல்லை. அத்தகையவரை வீழ்த்த எந்தக் கல்லும் வெளியிலிருந்து வரவில்லை. சிகண்டிக்கு எதிரே வில்லெடுப்பதில்லை என்று அவர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட வரை ஒன்றுதான் இருந்தது. போரின் ஒன்பதாம் நாள் இரவு, பாண்டவர் பாசறை தேடி வந்து கேட்டபோது அவரே அந்த வழியை வாய்திறந்து சொல்கிறார். மறுநாள் அம்புப் படுக்கை.

1988 முதல் 1990 வரை பி. ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' தொடரில் அந்தப் பீஷ்மராக நடித்தவர் முகேஷ் கன்னாதான். பின்னாளில் 'சக்திமான்' எடுத்த அவருடைய நிறுவனத்துக்கும் பீஷ்மரின் பெயரையே வைத்தார். தன்னை வீழ்த்தும் வழியைத் தானே சொல்லும் ஒருவரை ஞாயிறு காலைகளில் அத்தனை கண்ணியத்தோடு நடித்துக் காட்டியவர், ஏழே ஆண்டுகளில் எல்லை வரையப்படாத ஒருவனாக வந்து நின்றார். சக்திமானுக்கும் அப்படியொரு ஒன்பதாம் நாள் இரவை யாரேனும் எழுதியிருக்கலாம். அதை நடிக்கத் தெரிந்தவர் அங்கேயே, அந்த உடைக்குள்ளேயே இருந்தார்.